சூப்பர்மேன் கையில் தோரின் சுத்தியல்: ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ் காமிக்ஸ் தொகுப்பு ஒரு பிரதி இருக்கிறது. சூப்பர்ஹீரோ கதைகளில் கொஞ்சமாவது ஆர்வம் உள்ள நண்பர்களில் அதை என்னிடம் இரவல் வாங்காதவர்கள் குறைவு. திருப்பித் தரும்போது எல்லோரும் ஒரு சந்தேகத்தையும் கூடவே கொண்டுவருவார்கள். அதில் பாதிக்கு மேல் சூப்பர்மேனைப் பற்றியது. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முடிவு வரை எல்லாவற்றையும் பேசியிருக்கிறேன். கதை முன்கூட்டித் தெரியக்கூடாது என்பவர்கள் நான்காவது கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இது என்ன புத்தகம்? படமா வந்திருக்கா?

படமாக வரவில்லை. நான்கு இதழ்கள் கொண்ட காமிக்ஸ். 2003-இல் தொடங்கி 2004-இல் முடிந்தது. கதை கர்ட் பியூசிக், ஓவியம் ஜார்ஜ் பெரெஸ். சூப்பர்மேன், பேட்மேன், ஒண்டர் வுமன், ஃப்ளாஷ், கிரீன் லாண்டர்ன் எல்லோரும் இருக்கும், டிசி நிறுவனத்தின் ஜஸ்டிஸ் லீக் (சுருக்கமாக ஜேஎல்ஏ) ஒரு பக்கம். கேப்டன் அமெரிக்கா, தோர், அயர்ன் மேன், ஸ்கார்லெட் விட்ச், ஹாக்ஐ எல்லோரும் இருக்கும், மார்வெல் நிறுவனத்தின் அவெஞ்சர்ஸ் இன்னொரு பக்கம். இரண்டு குழுக்களும் ஒரே கதையில் சந்திக்கின்றன.

அட்டையில் பெயர் மாறி மாறி இருக்கிறதே என்று சிலர் குழம்புவார்கள். ஒன்றாவது, மூன்றாவது இதழ்களை மார்வெல் வெளியிட்டது. அவற்றில் ஜேஎல்ஏ பெயர் முதலில் வரும். இரண்டாவதையும் நான்காவதையும் டிசி வெளியிட்டது. அவற்றில் அவெஞ்சர்ஸ் முதலில் வரும். வீட்டுக்கு வந்த விருந்தாளியின் பெயரை முதலில் போட்ட மரியாதை அது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

டிசியும் மார்வெலும் போட்டிக் கம்பெனிங்க ஆச்சே, எப்படி ஒத்துக்கிட்டாங்க?

இது முதல் தடவை இல்லை. 1976-இலேயே சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் ஒரே புத்தகத்தில் வந்துவிட்டார்கள். 1981-இல் பேட்மேனும் ஹல்க்கும், 1982-இல் எக்ஸ்-மென்னும் டீன் டைட்டன்ஸும். அந்த வரிசையில் அடுத்து வரவேண்டியது ஜஸ்டிஸ் லீக்கும் அவெஞ்சர்ஸும்தான். 1983-இல் ஜார்ஜ் பெரெஸ் 21 பக்கங்கள் வரைந்தும் கொடுத்துவிட்டார். கதையை ஒட்டி இரு நிறுவனத்து ஆசிரியர்களுக்கும் இடையே தகராறு முற்றி, வேலை அப்படியே நின்றுபோனது.

இருபது வருடம் கழித்து வேறு கதையோடு அதே ஓவியரிடம் அந்த வேலை திரும்பி வந்தது. மூன்றாவது இதழின் அட்டையைப் பாருங்கள். இரண்டு குழுக்களிலும் அதுவரை உறுப்பினராக இருந்த அத்தனை பேரும், இருநூறு பேருக்கு மேல், ஒரே படத்தில் முண்டியடித்து நிற்கிறார்கள். பின்வரிசையில் இருப்பவர் முகத்தில்கூட அவருக்கே உரிய பாவனை இருக்கும். இருபது வருடம் மனதில் வைத்திருந்த ஒருவர் வரைந்த படம் என்பது பார்த்தாலே தெரியும்.

கதையைச் சுருக்கமா சொல்லுங்களேன்.

க்ரோனா என்று ஒருவன். டிசி உலகத்துப் பழைய விஞ்ஞானி. பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று தெரிந்துகொள்ளும் வெறி பிடித்தவன். விடை கிடைக்காத பிரபஞ்சத்தை அழித்துவிட்டு அடுத்ததுக்குப் போகிறான். அப்படி மார்வெல் உலகத்துக்கு வந்து சேர்கிறான். அங்கே கிராண்ட்மாஸ்டர் என்ற விளையாட்டுப் பித்தர் அவனுக்கு ஒரு பந்தயம் சொல்கிறார்: இரு உலகங்களிலும் உள்ள பன்னிரண்டு சக்திப் பொருள்களை இரண்டு குழுக்களும் தேடட்டும். க்ரோனா ஜெயித்தால், பிரபஞ்சத்தின் பிறப்பைப் பார்த்த ஒருவர் யாரென்று காட்டுகிறேன். தோற்றால், இந்த உலகத்தை விட்டுப் போய்விட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். கிராண்ட்மாஸ்டருக்காக ஆடுவது ஜஸ்டிஸ் லீக். க்ரோனாவுக்காக ஆடுவது அவெஞ்சர்ஸ். அதாவது அவெஞ்சர்ஸ் ஜெயித்தால் அவர்களுடைய உலகத்துக்கே ஆபத்து. ஆடுகிறவர்களுக்கு இது தெரியாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றது தானாகப் புரியும்.

முன்னாடி எதெல்லாம் படிச்சிருக்கணும்? புத்தகம் எங்க கிடைக்கும்?

எதுவும் படித்திருக்க வேண்டாம். சூப்பர்மேன் யார், கேப்டன் அமெரிக்கா யார் என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். ஓரத்தில் நிற்கும் பலரை அடையாளம் தெரியாது. அதனால் கதைக்கு ஒன்றும் கெட்டுப்போகாது.

கிடைப்பதுதான் கஷ்டம். இரண்டு நிறுவனமும் சேர்ந்து சம்மதித்தால்தான் மறுபதிப்பு வரும். ஜார்ஜ் பெரெஸுக்குக் கணையப் புற்றுநோய் என்று தெரிந்தபின், ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் உதவும் ஹீரோ இனிஷியேட்டிவ் என்ற அறக்கட்டளை 2022-இல் 7,000 பிரதிகள் மட்டும் அச்சிட்டது. அந்த வருடம் மே மாதம் அவர் இறந்துபோனார். பழைய தொகுப்பு எங்காவது நியாயமான விலைக்குக் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

சூப்பர்மேன் ஏன் இதுல இவ்வளவு சிடுசிடுன்னு இருக்கார்? அவர் அப்படி இல்லையே?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். புத்தகத்தின் உயிரும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

முதல் தடவை மார்வெல் உலகத்துக்குள் காலடி வைக்கும் சூப்பர்மேன் என்ன பார்க்கிறார்? டாக்டர் டூம் ஒரு நாட்டையே தன் பிடியில் வைத்து ஆள்கிறான். மரபுமாற்றத்தோடு பிறந்த மியூட்டன்ட் ஒருவரை ஒரு கும்பல் துரத்துகிறது. காப்பாற்றப் போன ஃப்ளாஷுக்கும் அடி விழுகிறது. அவருடைய வேகசக்தி அந்த உலகத்தில் வேலை செய்யவில்லை. இதையெல்லாம் பார்த்ததும் சூப்பர்மேனுக்குள் எழும் கேள்வி ஒன்றே: இங்கேயும் வீரர்கள் இருக்கிறார்களே, அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அவெஞ்சர்ஸைச் சந்திக்கும் முன்பே அவர்கள் கடமை தவறியவர்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார்.

இரண்டு பிரபஞ்சங்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல் உரசுவது இவருடைய மனநிலையையும் கேப்டனுடைய மனநிலையையும் கெடுக்கிறது என்று கதை குறிப்புக் காட்டுகிறது. அந்த விளக்கம் இருக்கட்டும். அது இல்லாவிட்டாலும் இந்தக் கோபம் சூப்பர்மேனுடையதுதான். அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாதவர் அவர். அதே குணம் முகம் தெரியாதவர்கள் மேல் திரும்பும்போது தீர்ப்பாகிவிடுகிறது. நல்லவர்களுக்கு வரும் தவறு இது. நமக்குப் பழக்கமான பொறுமைசாலிக்குள் இப்படி ஓர் அவசரமும் இருக்கிறது என்பதை அவருடைய சொந்த ஊர்க் கதைகளில் இவ்வளவு தெளிவாகப் பார்ப்பது கடினம். 

அப்போ கேப்டன் அமெரிக்கா சொல்றதுதான் சரியா?

கேப்டன் டிசி உலகத்தில் வேறொன்றைப் பார்க்கிறார். ஃப்ளாஷுக்கு அருங்காட்சியகம், வீரர்களுக்குச் சிலைகள், அண்ணாந்து பார்த்துக் கைதட்டும் மக்கள். இரண்டாம் உலகப்போரில் சர்வாதிகாரிகளை எதிர்த்துப் போரிட்ட மனிதர் அவர். 1941-இல் அவரை உருவாக்கியதே அதற்காகத்தான். ஆகவே அந்தக் கைதட்டல் அவருக்கு வழிபாடாகக் கேட்கிறது. தங்களைக் கடவுளாக்கிக்கொண்டு மக்களைக் கீழே வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறார்.

அவரும் தவறுதான் செய்கிறார். ஆனால் இருவர் தவறும் ஒரே மாதிரி இல்லை. கேப்டன் பயப்படுவது அதிகாரத்தைப் பார்த்து. சூப்பர்மேன் கோபப்படுவது அலட்சியத்தைப் பார்த்து. ஒருவர் அதிகமாகச் செய்கிறார்கள் என்கிறார், மற்றவர் போதுமான அளவு செய்யவில்லை என்கிறார். அவரவர் வாழ்க்கை கற்றுக்கொடுத்த அச்சத்தைத்தான் எதிரே இருப்பவர் முகத்தில் காண்கிறார்கள். 1996-இல் இரு நிறுவனங்களும் தங்கள் பாத்திரங்களை இரண்டிரண்டாகக் கலந்து புதியவர்களை உருவாக்கியபோது, இந்த இருவரையும்தான் சேர்த்து சூப்பர்-சோல்ஜர் என்று ஒருவரை ஆக்கினார்கள். கலந்தால் ஒருவராகக் கூடியவர்கள், எதிரெதிரே நின்றால் இப்படி மோதிக்கொள்கிறார்கள்.

தோரை சூப்பர்மேன் தோற்கடிச்சது நியாயமா? மந்திரம் அவருக்கு ஆகாதே?

மந்திரம் சூப்பர்மேனுக்கு கிரிப்டோனைட் மாதிரி விஷம் இல்லை. அதிலிருந்து அவருக்குத் தனிப் பாதுகாப்பு இல்லை, அவ்வளவுதான். மந்திரச் சுத்தியல் பட்டால் வலிக்கும். தொட்டவுடன் விழுந்துவிட மாட்டார்.

இரண்டாவது இதழில் வரும் அந்தச் சண்டையில் தோர் ஓங்கிய சுத்தியலை சூப்பர்மேன் வெறும் கையால் தடுக்கிறார். பிறகு ஒரே குத்து. அந்தக் கட்டத்தோடு பக்கத்தைத் திருப்பிவிடுகிறவர்கள்தான் பத்து வருடம் வாதாடுகிறார்கள். அடுத்த கட்டத்தையும் பாருங்கள். ஜெயித்தவர் நெஞ்சு நிமிர்த்தவில்லை. தான் மோதியவர்களிலேயே மிகக் கடினமான ஆள் இவர்தான் என்று ஒத்துக்கொள்கிறார். உடனே மற்ற அவெஞ்சர்ஸ் எல்லோரும் சேர்ந்து அவர்மேல் பாய்கிறார்கள். சண்டையை நியாயம், அநியாயம் என்று எடைபோட எனக்கு ஆர்வமில்லை. கோபத்தின் உச்சியில் இருக்கும்போதும் எதிராளிக்குரிய மரியாதையைக் கொடுக்க அவருக்கு வாய் வருகிறது. எனக்கு அதுதான் கவனத்தில் நிற்கிறது.

பந்தயத்துல யார் ஜெயிச்சா?

ஜஸ்டிஸ் லீக். ஆனால் ஜெயிக்க வைத்தது கேப்டன் அமெரிக்கா. மற்றவர்கள் மோதிக்கொண்டிருக்கும்போது அவரும் பேட்மேனும் சில அடிகள் மட்டும் பரிமாறிக்கொண்டு, இப்படியே போனால் நேரம்தான் வீணாகும் என்று கண்டுகொண்டு, சேர்ந்து துப்பறியப் போகிறார்கள். பந்தயத்தின் உண்மை தெரிகிறது. (மூன்றாவது பதிலில் சொன்ன சிக்கல்தான்.) கடைசிப் பொருள் தன் குழுவின் கைக்கு வந்த நேரத்தில் கேப்டனே அதைத் தட்டிவிடுகிறார். பேட்மேன் பிடித்துக்கொள்கிறார். தோற்பதுதான் சரி என்று தெரிந்தபின் தோற்கத் தயங்காத மனிதர். சூப்பர்மேன் யாரைத் தவறாக எடைபோட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூணாவது இதழ் தலையும் புரியல வாலும் புரியல. திடீர்னு எல்லாரும் எப்படி நண்பர்கள் ஆனாங்க?

தோற்ற க்ரோனா பேச்சு மீறுகிறான். அவனைத் தடுக்க கிராண்ட்மாஸ்டர் இரண்டு பிரபஞ்சங்களையும் ஒன்றாகப் பிணைக்கிறார். அந்தக் கலப்பு உலகத்தில் இரண்டு குழுக்களும் வருடாவருடம் சந்திக்கும் பழைய சிநேகிதர்கள். இறந்துபோன பாரி ஆலன் (முந்தைய ஃப்ளாஷ்), ஹால் ஜோர்டன் (முந்தைய கிரீன் லாண்டர்ன்) எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். நினைவுகளும் அதற்கேற்ப மாறியிருக்கின்றன. ஆனால் ஒட்டுப்போட்ட உலகம் நிற்கவில்லை; சேர்ந்திருப்பவர்களுக்குள் காரணமில்லாமல் சண்டை வெடிக்கிறது. அதிலும் முதலில் முறைத்துக்கொள்வது சூப்பர்மேனும் கேப்டனும்தான்.

பிறகு உண்மையான சரித்திரம் அவர்களுக்குக் காட்டப்படுகிறது. பாரி ஆலன் தன் சாவைப் பார்க்கிறார். ஹால் ஜோர்டன் தான் நல்வழி தவறி வில்லனாகப் போவதைப் பார்க்கிறார். ஸ்கார்லெட் விட்ச் தன் குழந்தைகளை இழப்பதைப் பார்க்கிறார். சூப்பர்மேனுக்கும் 1992-இல் வந்த அவருடைய மரணம் இருக்கிறது. இந்த உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டால் சுகமாக இருக்கலாம். உண்மையான உலகத்தைக் காப்பாற்றினால் இத்தனை துயரமும் திரும்ப வரும். சாகப்போகிறவர்களே முதலில் சரி என்கிறார்கள். இந்தப் பக்கங்களை நான் எத்தனை தடவை படித்தாலும் வேகமாகத் தாண்ட முடிந்ததில்லை.

கடைசிச் சண்டையில ஏன் கேப்டன் தலைமை? பலத்துல சூப்பர்மேன்தானே பெரிய ஆள்?

பலம் வேறு, படை நடத்துவது வேறு. காலமும் இடமும் குழம்பிய க்ரோனாவின் கோட்டைக்குள் போர். யார் எப்போது எந்த உடையில் எந்தக் காலத்திலிருந்து வந்து நிற்பார் என்றே சொல்ல முடியாது; ஒரே ஆளின் உருவம் கட்டத்துக்குக் கட்டம் மாறும். அங்கே போர்க்களத்தில் பழகிய கண் தேவை. கேப்டன் உத்தரவு கொடுக்கிறார், சூப்பர்மேன் முன்னணியில் நிற்கிறார்.

முதல் இதழில் ‘இவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்’ என்று கேட்ட அதே மனிதர், இப்போது அவர்களுடைய தலைவர் சொல்படி நடக்கிறார். அவர் திருந்தினார் என்று எந்த வசனமும் உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று இதழ் முன்னால் அவர் போட்ட தீர்ப்பை அவரே எழுந்து நின்று ரத்து செய்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

சுத்தியலைத் தூக்கினாரே! தகுதி உள்ளவர்னுதானே அர்த்தம்?

எண்ட்கேம் படத்தில் கேப்டன் அமெரிக்கா தோரின் சுத்தியலான மியோல்னிரைத் தூக்கியதைப் பார்த்துக் கைதட்டியவர்கள் எல்லோரும் இதைக் கேட்பார்கள். இந்தச் சுத்தியலைப் பிடிப்பவர் தகுதி உள்ளவராக இருந்தால் தோரின் சக்தியைப் பெறுவார் என்ற வாசகம் 1962-இல் வந்த தோரின் முதல் கதையிலேயே சுத்தியலில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நான்காவது இதழில் க்ரோனாவை நோக்கிப் பாயும்போது சூப்பர்மேனின் ஒரு கையில் கேப்டன் கொடுத்த கேடயம், இன்னொரு கையில் தோரின் சுத்தியல். அட்டையிலும் அதே படம்தான்.

அந்தப் படத்தை ‘சூப்பர்மேனுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது’ என்று பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டுமே இரவல். முதலில் யாரை வெறுத்தாரோ அவர் கேடயம். இரண்டாவது இதழில் யாரை அடித்து வீழ்த்தினாரோ அவர் சுத்தியல். கொடுத்தவர்கள் நம்பிக் கொடுக்கிறார்கள், வாங்கியவர் அந்தப் பொறுப்போடு பிடித்திருக்கிறார். தகுதிக் கணக்கைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

அப்போ க்ரோனாவை சூப்பர்மேன்தான் முடிச்சாரா?

இல்லை. முடித்தது ஹாக்ஐ. வில்லும் அம்பும் தவிர வேறு சக்தி எதுவும் இல்லாத மனிதர். அவரும் பாரி ஆலனும் செத்துவிட்டார்கள் என்று எல்லோரும் நினைத்திருக்க, மறைவிலிருந்து ஹாக்ஐ விட்ட வெடியம்பு க்ரோனாவின் இயந்திரத்தைச் சிதறடிக்கிறது. கேடயமும் சுத்தியலும் ஏந்திய சூப்பர்மேனின் வேலை, க்ரோனாவின் கவனத்தைத் தன்மேல் பிடித்து வைத்திருப்பது. அதற்குக் குறைவான வேலை என்று பெயரில்லை. பந்தை உருட்டிவிட்டு ஒரு ரன் ஓடி, அடித்து ஆடுபவரைப் பந்தை எதிர்கொள்ளும் முனைக்குக் கொண்டுவரும் ஆட்டக்காரரை கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

ஒண்டர் வுமனும் சுத்தியலைத் தூக்கியிருக்காங்கன்னு சொல்றாங்களே?

ஆமாம், அது வேறு கதை. 1996-இல் வந்த டிசி, மார்வெல் மோதல் தொடரில் அவர் கைக்குச் சுத்தியல் வருகிறது. எக்ஸ்-மென் குழுவின் ஸ்டார்மோடு மோதப் போகும்போது, இதை வைத்துக்கொண்டு சண்டை போடுவது முறையில்லை என்று கீழே வைத்துவிடுகிறார். அந்தச் சண்டையின் முடிவு வாசகர் வாக்கெடுப்பில் நிர்ணயமானது. ஒண்டர் வுமன் தோற்றார். ஜெயிக்கக்கூடிய ஆயுதத்தை வைத்துவிட்டுப் போன அந்த ஒரு செயலே அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுகிறது. வாக்கு எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சண்டை முடிஞ்சப்புறம் சூப்பர்மேனால சுத்தியலைத் தூக்க முடியலையே. அப்போ தகுதி இல்லன்னுதானே ஆகுது?

போர் முடிந்ததும் சூப்பர்மேன் அந்தச் சுத்தியலை மறுபடி எடுத்துப் பார்க்கிறார். அசையவில்லை. தோர் காரணம் சொல்கிறார்: தன் தந்தை ஓடின் கண்டிப்பானவர்தான், ஆனால் ஆபத்து நேரத்தில் விதியைத் தளர்த்தத் தெரியாத மூடர் அல்ல. அதாவது இரண்டு பிரபஞ்சங்களும் அழியும் தறுவாயில் ஓடின் அந்த நிபந்தனையைக் கொஞ்ச நேரம் விலக்கி வைத்தார்.

சூப்பர்மேன் ரசிகர்கள் இதில் மனம் வருந்துவார்கள். என் நண்பர் ஒருவர் இந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு வாரம் பேசவில்லை. அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். தோரின் சுத்தியல் தோரின் உலகத்துக்கான அளவுகோல். போர்வீரருக்குரிய ஏதோ ஒன்றை அது தேடுகிறது. ஒரு கன்சாஸ் விவசாயி வளர்த்த, மற்றவர் உயிரை எடுக்க மனம் வராத பிள்ளை அதில் நிற்காமல் போனால், அது அவருக்குக் குறையா? எனக்கு இல்லை.

அவர் அந்தத் தோல்வியை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். மலைகளைத் தூக்கியவர். சற்று முன்னால் இதே சுத்தியலை வீசியவர். எல்லோர் எதிரிலும் இழுத்துப் பார்க்கிறார், வரவில்லை. முகத்தில் கோபம் இல்லை, அவமானம் இல்லை. முதல் இதழில் ஓர் உலகத்தையே பார்த்த மாத்திரத்தில் எடைபோட்ட மனிதர், இப்போது தன்னை ஒரு சுத்தியல் எடைபோட்டதைச் சரி என்று விட்டுவிடுகிறார். அது யாருடையதோ அவரே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று நகர்ந்து நிற்கிறார்.